வரவேற்பு மேடையும் வாண்டுப் பட்டாளமும்

1987-ஆம் வருஷம், ஆவணி மாதம். மதுரையில் என் கொழுந்தனார் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ரிஸப்ஷன். நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. முந்தானையைப் பிடித்தபடி நாலு வயசுப் பையன். வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டாரைப் பந்திக்கு அழைக்க வேண்டும், நடுநடுவே "அந்த வெள்ளித் தட்டு எங்கேம்மா?" என்று கேட்கிற மாமியாருக்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

மேடையில் மெல்லிசைக் கச்சேரி அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. மணி எட்டே கால் இருக்கும். தற்செயலாகக் குனிந்து பார்க்கிறேன்... முந்தானையில் ஆளைக் காணோம்!

அப்பாகூட இருப்பான் என்று நான் நினைத்தேன். அம்மாகூட இருப்பான் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருக்கிறார். அத்தைகூட இருப்பான் என்று சித்தியும், சித்திகூட இருப்பான் என்று அத்தையும்! எல்லோரும் பார்த்துக்கொள்கிற குழந்தையை யாருமே பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த இருபத்தைந்து நிமிஷம் நான் பட்ட பாட்டை எந்தத் தாயும் படக் கூடாது. ஒருத்தர் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு ஓடினார். ஒருத்தர் சமையல் கூடத்துக்கு. கச்சேரியை நிறுத்தி மைக்கில் கூப்பிட்டார்கள். கடைசியில் பையனைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ அலங்காரம் செய்திருந்த அம்பாசிடர் காரின் டிரைவர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து வண்டியை எடுக்கப் போனவர், பின் சீட்டுக்குக் கீழே ஏதோ பொம்மை கிடக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறார். கையில் ஒரு சாமந்திப் பூவோடு என் பிள்ளை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்!

பிள்ளை கிடைத்துவிட்டான். ஆனால் பேச்சு? "பெத்தவளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியலையே!" என்று நாலு பேர் சொன்னார்கள். அவனுடைய அப்பாவை ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க, மறுநாள் முகூர்த்தம் உள்பட, இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு மாடி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கொழுந்தனார் தாலி கட்டியதை நான் ஆல்பத்தில்தான் பார்த்தேன். அந்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை.

சகோதரிகளே, கைக்குழந்தைக்காரிகளில் எத்தனை பேர் இப்படிக் கல்யாணத்துக்குப் போயும் கல்யாணத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறீர்கள்? கணக்கெடுத்தால் ஒரு மண்டபமே நிறையும்!

அதனால்தான் 2023-இல் திருச்சியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "பத்திரிகை, பாத்திரம், பந்தி எல்லாம் நீ பார்த்துக்கோ. பிள்ளைகளை மட்டும் எங்கிட்ட விடு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன். வரப்போகிற உறவுக்காரப் பிள்ளைகளை எண்ணினோம். ஒன்றரை வயசிலிருந்து பன்னிரண்டு வயசுவரை இருபத்திரண்டு பேர்! அவர்களை எப்படிச் சமாளித்தோம், எதில் ஜெயித்தோம், எதில் கோட்டை விட்டோம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குழந்தை ஏன் படுத்துகிறது?

நம் அம்மா, பாட்டி காலத்துக் கல்யாணங்களில் விளையாட்டும் ஒரு சடங்காகவே இருந்தது. பல வீடுகளில் நலங்கு வைத்து மாப்பிள்ளையும் பெண்ணும் தேங்காய் உருட்டுவார்கள். தலையைச் சுற்றி அப்பளம் உடைப்பார்கள். குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு, யார் முதலில் எடுப்பது என்று போட்டி நடக்கும். சுற்றி உட்கார்ந்து கைதட்டிக் கூச்சல் போடுகிறவர்கள் யார்? குழந்தைகள்தான்! அவர்களுக்கென்று அங்கே ஓர் இடம் இருந்தது.

ரிஸப்ஷனில் என்ன இருக்கிறது? உயரமான மேடை, நீளமான வரிசை, கண்ணைக் கூசும் விளக்கு, காதைத் துளைக்கும் ஒலிபெருக்கி. பெரியவர்களுக்கே ஒரு மணி நேரத்தில் கால் கடுக்கிறது. நாலு வயசுக் குழந்தை என்ன செய்யும்? பசி, தூக்கம், புழுக்கம், சலிப்பு நாலும் சேர்ந்து வந்தால் நாற்காலிகளுக்கு நடுவே ஓடும், இல்லையென்றால் கத்தும். "உங்க பிள்ளை ரொம்ப வாலு" என்று சொல்லிவிடுகிறோம். வால்தனம் இல்லைம்மா, செய்ய அதற்கு ஒரு வேலையும் இல்லை. அவ்வளவுதான்!

ஓர் அறை, ஒரு ஜமக்காளம்

மண்டபம் பேசும்போதே ஓர் அறையைப் பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்கினோம். அறையைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் பார்த்தோம். தரைத் தளமாக இருக்க வேண்டும். படிக்கட்டும் மாடிக் கைப்பிடிச் சுவரும் ஆபத்து. கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். சமையல் கூடத்துக்கும் தெருவாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும்.

இரண்டு பெரிய ஜமக்காளம், நாலு தலையணை, ஒரு மின்விசிறி, ஒரு குடம் குடிதண்ணீர், பழைய துண்டு அரை டஜன். ஒரு மூலையில் புடவையைத் திரையாகக் கட்டி, தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு இடம் ஒதுக்கினோம். இந்தத் திரைக்குக் கிடைத்த நன்றி, வேறு எதற்கும் கிடைக்கவில்லை!

அறை கிடைக்காத சின்ன மண்டபமா? பரவாயில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்திலோ, ஒலிபெருக்கிக்கு எதிர்க்கோடியிலோ ஜமக்காளத்தை விரித்து, நாலு பக்கமும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு வேலி கட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது கோட்டை!

அரை மணிக்கு இரண்டு பேர்

இதுதான் மிக முக்கியம். அறை இருக்கிறது என்றதும் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு வயசான அத்தையையோ, கணவரை இழந்து பின் வரிசையில் ஒதுங்கி உட்காரும் பெரியம்மாவையோ கூப்பிட்டு, "நீங்கதான் சும்மா இருக்கீங்களே, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று தலையில் கட்டிவிடுவார்கள். கூடவே கூடாது! அவர்களும் கல்யாணம் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்?

மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை மூன்று மணி நேரம். அதை ஆறு அரை மணிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு அரை மணிக்கும் இரண்டு பேர். ஒருவர் வாசற்படியில், ஒருவர் உள்ளே. மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் ஆறு பேர் கட்டாயம் ஆண்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். தங்கை வீட்டுக்காரர் சிரித்தார். "அண்ணி, ஆம்பிளைங்க வருவாங்களா?" என்றார். "கல்யாணத்துக்கு வர்றவங்க இதுக்கும் வருவாங்க மாப்பிள்ளே" என்றேன்.

பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டினோம். அடுத்த ஆள் வந்து உட்காராமல் முதல் ஆள் எழுந்திருக்கக் கூடாது. "உங்கிட்ட ஒப்படைச்சாச்சு, எண்ணிக்கோ" என்று தலைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். 1987-இல் என் வீட்டில் நடந்த தப்பு, ஒப்படைக்காமல் போனதுதான். 'யாராவது பார்ப்பார்கள்' என்கிற அந்த 'யாராவது'க்கு ஒரு பெயர் வேண்டும்!

முதல் அரை மணிக்கு வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அன்றைக்குக் காரில் தூங்கிப்போனானே, அந்த நாலு வயசுப் பையன்தான்! இப்போது அவனுக்கு நாற்பது வயசு. ஆறு வயசுப் பெண்ணுக்குத் தகப்பன்.

முதல் பந்தி யாருக்கு?

பத்திரிகையில் ஆறரை மணி என்று போடுவோம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரும்போது ஏழரை. அதன்பின் வரிசையில் நின்று வாழ்த்திவிட்டுப் பந்திக்கு வரும்போது ஒன்பது! அதற்குள் குழந்தை பசித்து அழுது, யாரோ கொடுத்த ஐஸ்கிரீமைத் தின்று, தூங்கியும் போயிருக்கும்.

நாங்கள் சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஏழு மணிக்கு முதல் பந்தியைப் பிள்ளைகளுக்குப் போட்டோம். இலையில் பதினெட்டு ஐட்டம் வேண்டாம். இட்லி, இடியாப்பம், தேங்காய்ப் பால், காரமில்லாத குருமா, கொஞ்சம் தயிர்சாதம், ஒரு இனிப்பு. போதும்! குழந்தை வயிறு நிறைந்தால் கல்யாணத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொன்றும் செய்தோம். மேடை ஆரம்பித்ததும் மைக்கில், "கைக்குழந்தை, சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் வந்து வாழ்த்திவிட்டுப் போகலாம்" என்று சொல்லச் சொன்னோம். இருபது நிமிஷத்தில் அத்தனை குடும்பமும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. பட்டுப் பாவாடை கசங்கவில்லை, கண் மை கலையவில்லை. உடனே பிள்ளைகளைப் பருத்தி உடைக்கு மாற்றிவிட்டார்கள். பட்டும் ஜரிகையும் உடம்பில் குத்த, வேர்க்குருவோடு மூன்று மணி நேரம் இருக்கச் சொன்னால் எந்தக் குழந்தைதான் சிரிக்கும்?

என்னென்ன விளையாடினார்கள்?

பெரிய செலவு எதுவும் இல்லை. வீட்டில் இருந்தது போக, எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. வயசுக்குத் தகுந்தபடி பிரித்து வைத்தேன்.

மூன்று வயசுக்கு உட்பட்ட பொடிசுகளுக்குத் தண்ணீர் பாட்டில் வந்த காலி அட்டைப் பெட்டிகள்! உட்கார்ந்தால் கார், கவிழ்த்தால் வீடு, வரிசையாக வைத்தால் ரயில். கூடவே காகித டம்ளர்களும் ஒரு மரக் கரண்டியும். அடுக்குவது, தட்டிவிடுவது, மறுபடி அடுக்குவது. கடையில் வாங்கிய பொம்மையை ஒருத்தரும் தொடவில்லை!

நாலிலிருந்து ஏழு வயசுவரை உள்ளவர்களுக்கு வெள்ளைக் காகிதமும் மெழுகு வண்ணக் குச்சிகளும் கொடுத்தோம். "பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரைந்து தாருங்கள்" என்றேன். மாப்பிள்ளைக்கு மீசையைக் காதுவரை வரைந்த படத்தைத் தங்கை மகள் பத்திரமாக வைத்திருக்கிறாள்! இங்கேதான் ஒரு தப்பும் செய்தோம். முதலில் ஸ்கெட்ச் பேனா வைத்திருந்தேன். பத்து நிமிஷத்துக்குள் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப் பாவாடையில் சிவப்புக் கோடு! ஆகவே ஸ்கெட்ச் பேனாவும் வாட்டர் கலரும் கல்யாண வீட்டில் வேண்டவே வேண்டாம்.

எட்டு வயசுக்கு மேல் பல்லாங்குழி, தாயம், பரமபத சோபான படம். பல்லாங்குழிக்குப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டை. பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை. சொல்லிக் கொடுக்க வந்த என் ஓரகத்தி, தன்னுடைய அரை மணி முடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் பாதியில் இருந்ததாம்! ஆனால் ஜாக்கிரதை, புளியங்கொட்டை, சோழி, தாயக்கட்டை எதுவும் பொடிசுகள் கைக்கு எட்டக் கூடாது. பெரிய பிள்ளைகளை மேஜையில் உட்கார வைத்துவிடுங்கள்.

தோரணம் கட்ட வந்தவரிடம் மிச்சக் குருத்தோலையைக் கேட்டு வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். என் அண்ணன் அதில் பீப்பியும் காற்றாடியும் கைக்கடிகாரமும் செய்து காட்டினார். அன்றைய ஹீரோ அவர்தான்!

உறவுச் சீட்டு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட பாட்டி யார்? அவர் உனக்கு என்ன முறை?' 'உன் அப்பாவைச் சின்ன வயசில் தூக்கி வளர்த்தது யார்?' 'இங்கே இருப்பவர்களில் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனவர் யார்? எந்த ஊரில்?' இப்படி ஆறு கேள்வி. இரண்டு இரண்டு பேராக, கூட ஒரு பெரியவரோடு கூடத்துக்குள் போய்ப் பதில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பின் வரிசையில் தூண் ஓரமாக எங்கள் பெரிய அத்தை உட்கார்ந்திருந்தார். எண்பத்தோரு வயசு. மேடைப் பக்கமே போகமாட்டார். "நான் எதுக்கும்மா அங்கே..." என்று சொல்லிவிடுவார். மாமா போன நாளிலிருந்து அப்படித்தான். என் பேத்தி அவர் முன்னால் போய் நின்று, "உங்களுக்கு எந்த ஊர்ல கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

அத்தைக்கு முதலில் பேச்சே வரவில்லையாம். பிறகு மெல்ல ஆரம்பித்திருக்கிறார். "மானாமதுரைடி கண்ணு. வில்லு வண்டியில வந்தாங்க. ஐப்பசி மழை. உங்க தாத்தா குடையை எனக்குப் பிடிச்சுட்டு அவர் நனைஞ்சுட்டார்." நான் தேடிக்கொண்டு போனபோது அத்தையைச் சுற்றி ஆறேழு வாண்டுகள் தரையில் உட்கார்ந்திருந்தன. "அப்புறம்?" "மழையில சோறு நனைஞ்சுச்சா?" என்று கேள்விமேல் கேள்வி!

கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டாளமே அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டது. தடுக்க எனக்கு மனசில்லை. தங்கை மகள் எழுந்து வந்து காலில் விழுந்தாள். அத்தை அவள் தலையில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பிள்ளைகளுக்குப் பொழுதுபோகட்டும் என்று எழுதிய சீட்டு அது. இப்படி ஒரு காரியம் செய்யும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு வேலை

பத்து, பன்னிரண்டு வயசுப் பையன்கள் நாலு பேர் அறைக்குள் வரவே மாட்டேன் என்றார்கள். "நாங்க என்ன சின்னப் பசங்களா?" என்று முறைத்தார்கள். நியாயம்தானே! அவர்களை வாசலில் பன்னீர் தெளிக்கவும் கல்கண்டுத் தட்டு நீட்டவும் நிறுத்தினோம். பந்தி முடிந்து போகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்கே. 'நானூறு பை இருக்கு. ஆளுக்கு ஒண்ணு' என்று எண்ணிக் கொடுத்தேன்.

பொறுப்பு கொடுத்தால் பிள்ளைகள் எவ்வளவு கறாராக இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, வராத மனைவிக்கு இன்னொரு பை கேட்க, "ஆளுக்கு ஒண்ணுதான் அங்கிள், கணக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டான் ஒருவன்! நான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்து இரண்டு பையாகக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் செய்யும்போது, 'சம்பந்தி வீட்டாருக்கு இந்தக் கணக்கு கிடையாது' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்!

செல்போனைக் கொடுத்தால் என்ன?

இளம் தாய்மார்கள் கேட்பது புரிகிறது. ஐந்து நிமிஷ நிம்மதிக்காக எல்லோரும் செய்வதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு வயசு ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயசுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ரிஸப்ஷனில் கொடுத்தால் மூன்று மணி நேரமும் அதுவே ஓடும். தவிர, பிடுங்கும்போது வரும் அழுகை, கொடுக்காமல் இருந்தால் வரும் அழுகையைவிடப் பெரிசு!

இவற்றில் ஜாக்கிரதை!

விளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் குழந்தைக்கு என்னென்ன ஆபத்து என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

● சமையல் கூடம், கொதிக்கும் சாம்பார், ரசம், பந்தியில் ஓடும் வாளிகள். பரிமாறும்போது பிள்ளைகள் குறுக்கே ஓடக் கூடாது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் பூசாதீர்கள்; நேரே டாக்டரிடம் போங்கள்.

● முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுத் திராட்சை ஆகியவை ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்கலாம். ஓடிக்கொண்டே எதையும் தின்னக் கூடாது. ஒரு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் அடைத்து, இருமக்கூட முடியாமல் திணறினால், முன்புறமாகச் சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை பலமாகத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள். ஒருவர் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

● வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். வாயில் போட்டு இழுத்தால் தொண்டையை அடைத்துவிடும்.

● மினுக்கும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பாட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். 'வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

● புகை கக்கும் பிஸ்கட், புகை பீடா வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது திரவ நைட்ரஜன். 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையே இதைப் பற்றி எச்சரித்தது.

● ஒலிபெருக்கிக்குப் பக்கத்து நாற்காலி. சத்தம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சீக்கிரம் செவி பாதிக்கும். கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் உட்காருங்கள்.

● மேடைக்குப் பின்னால் கிடக்கும் மின் ஒயர்கள், ஜெனரேட்டர், மூடாத தண்ணீர்த் தொட்டி, நிறுத்தி வைத்திருக்கும் கார்கள். கார்க் கதவைப் பூட்டச் சொல்லி மைக்கில் ஒரு தடவை அறிவியுங்கள். பூட்டிய காருக்குள் அகப்பட்டுக்கொண்டாலும் வெப்பத்தில் உயிருக்கே ஆபத்து.

காணோம் என்றால்...

வந்தவுடன் அன்றைய உடையோடு குழந்தையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம்கூட ஞாபகம் வராது, எனக்கு வரவில்லை! முன்கையின் உட்புறம் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். வெளியே தெரிகிற மாதிரி பெயரை எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிப் போய்விடும்.

காணோம் என்று தெரிந்த உடனே ஒருவர் தெருவாசலில் போய் நிற்க வேண்டும். ஒருவர் தண்ணீர்த் தொட்டி, கிணறு. ஒருவர் சமையல் கூடம். ஒருவர் கார்கள். முதலில் ஆபத்தான இடங்கள், அப்புறம்தான் மற்றவை. மைக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் தாமதிக்காமல் 112-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ கூப்பிடுங்கள்.

அன்று திருச்சியில் எங்களுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. ஒன்பதரைக்குக் கடைசித் தலை எண்ணியபோது இருபத்திரண்டும் இருந்தன. பதினோரு தலை ஜமக்காளத்தில் உறங்கிக்கொண்டிருந்தன. மற்றவை பல்லாங்குழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன!

தங்கையின் மூத்த மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரட்டைக் குழந்தைக்காரி; இரண்டு வயசுகூட ஆகவில்லை. "பெரியம்மா, இவங்க பிறந்ததுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ஒரு கல்யாணத்துல சூடா சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்!" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மறு வாரம் ஆல்பம் வந்தது. புரட்டிப் பார்த்தேன். அவள் எட்டுப் படங்களில் இருந்தாள். பெரிய அத்தை மேடையில் நிற்கிற படமும் இருந்தது. என் மகன் அறை வாசலில், மடியில் மூன்று பொடிசுகளோடு தலையை எண்ணிக்கொண்டிருப்பதை யாரோ எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த முகூர்த்தம் உங்கள் வீட்டில் என்றால், மண்டபக்காரரிடம் எத்தனை நாற்காலி என்று கேட்கும்போதே, பிள்ளைகளுக்கு ஓர் அறை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கதவில் ஒட்ட ஒரு காகிதமும், அதில் பன்னிரண்டு பெயர்களும் போதும். மறக்காதீர்கள், ஆறு பெயர் ஆண்களுடையதாக இருக்கட்டும்!